வியட்நாமுக்கு தனியா சாப்பாட்டு ட்ரிப்: டிக்கெட் போட்ட அப்புறம் வர்ற பயத்துக்கு ஒரு பதில்

ஈரோட்ல டிபன் கடை வச்சிருக்கற தங்கச்சிக்கு இந்த பதில், ஆனா இதே மாதிரி கிளம்ப ரெடியா இருக்கற வேற யாருக்கும் உதவும்னு நினைக்கறேன். உங்க கேள்வி இதுதான்: மார்ச்ல ரெண்டு வாரம் வியட்நாம், ஹனோய்ல இறங்கி ஹுவே, ஹோய் ஆன் வழியா சைகோன் வந்து அங்கருந்து வீடு, துணைக்கு யாரும் இல்ல, சுத்திப் பாக்கறது ஷாப்பிங் எதுவும் இல்லாம சாப்பாட்டுக்காக மட்டுமே போற ட்ரிப். டிக்கெட் போட்ட அன்னிக்கு தலைகால் புரியல, இப்ப நாள் நெருங்க நெருங்க காலைல ஆசையா இருக்கு, ராத்திரியானா கேன்சல் பண்ணிடலாமான்னு இருக்கு. அம்மா வேற "சோறு திங்கறதுக்கா கடல் தாண்டி போற"ன்னு கேட்டுட்டாங்க. மாடும் பன்னியும் சாப்பிட மாட்டீங்க, கோழி மீன் முட்டை ஓகே. பையன் ஏழாவது படிக்கறான், வீட்டுக்காரர் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு, ஆனாலும் மனசு ஒரு நிலையில இல்ல.

கேன்சல் பண்ணாதீங்க. தைரியம் சொல்றதுக்காக இத சொல்லல, நான் சமையல் சொல்லிக் கொடுக்கறவ, அந்தப் பக்கம் போயிட்டு வந்துட்டு இருக்கறவ, கைவேலைய பாத்து கத்துக்கறதுக்கு போறவங்க தனியா போறதுதான் சரின்னு எனக்கு உறுதியான எண்ணம். குடும்பத்தோட போனீங்கன்னா ஒரு கடை முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னதுமே "போலாமா"ன்னு ஒரு குரல் வரும், ஒருத்தருக்கு பசிக்காது, ஒருத்தருக்கு அந்த வாசனை ஒத்துக்காது, கடைசில எல்லாருக்கும் பொதுவா ஒரு ஃப்ரைடு ரைஸ் வாங்கிட்டு ரூமுக்கு வந்துடுவீங்க. தனியா போனா ஒரே கடைல ஒரு மணி நேரம் நிக்கலாம், மறுநாள் காலைல அதே கடைக்கு திரும்ப போலாம், பாதி சாப்பிட்டுட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

ஹனோய்ல பான் குவோன்னு ஒண்ணு இருக்கு, காலை டிபன், நீங்க முதல் நாளே போய் நிக்க வேண்டிய இடம் அதான். வாய் அகலமான பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கும், அது மேல துணிய மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருப்பாங்க, மோர் பதத்துக்கு கரைச்ச அரிசி மாவ ஒரு கரண்டி ஊத்தி கரண்டி அடியாலயே வட்டமா பரத்தி மூடி போட்டு, நீங்க ஒரு தடவ மூச்சு விடறதுக்குள்ள மூடிய எடுத்துடுவாங்க. கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசு ஏடு, அத மெலிசான மூங்கில் குச்சிய அடில விட்டு ஒரே இழுப்புல தூக்கி எண்ணெ தடவின தட்டுல போடுவாங்க. நான் ஒரு கடைல ரொம்ப நேரம் நின்னு அந்தக் குச்சி எந்த இடத்துல உள்ள போகுதுன்னே பாத்துட்டு இருந்தேன், அந்தம்மா என்ன ஒரு பார்வை பாத்துட்டு குச்சிய என் கைல குடுத்துட்டாங்க, முதல் ஏடு கிழிஞ்சது, ரெண்டாவதும் கிழிஞ்சது, அவங்க என் மணிக்கட்ட பிடிச்சு கொஞ்சம் கீழ இறக்கி விட்டாங்க, அப்புறம் வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. கூட நாலு பேர் இருந்திருந்தா அவங்க குச்சிய குடுத்திருக்கவே மாட்டாங்க, நாங்க கஸ்டமர் கூட்டமா ஒரு பெஞ்சுல உக்காந்திருப்போம். துணி இட்லி ஊத்தின கை உங்களுது, உங்களுக்கு இது என்னை விட சீக்கிரம் வரும். உள்ள பன்னிக்கறியும் மரக்காளானும் வச்சு சுருட்டறதுதான் வழக்கம், ஆனா தான் ச்சீங்கற ஊர் ஸ்டைல்ல உள்ள ஒண்ணும் வைக்காம வெறும் ஏடா, வறுத்த வெங்காயம் தூவி தருவாங்க, பக்கத்துல வைக்கற சா லுவாங்கற கறித்துண்டு மட்டும் பன்னி, அத வேணாம்னு கை காட்டிட்டா போதும். முட்டை உடைச்சு ஊத்தியும் சில கடைல பண்ணுவாங்க.

அம்மா கேட்டதுக்கு வர்றேன். உங்களுக்கு உள்ள குத்தறது அந்த கேள்விதான்னு உங்க எழுத்துலயே தெரியுது, பயத்த விட குற்ற உணர்ச்சிதான் ராத்திரில பெருசாகுது. அவங்க மேல தப்பு இல்ல, அந்தத் தலைமுறைல பொம்பளைங்க வெளியூர் போனதே கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கோயிலுக்கும்தான். ஆனா நீங்க அரிசிய வச்சு பொழைக்கறவங்க, அரிசில நம்மள மாதிரியே ஆழமா இறங்கின இன்னொரு ஊர போய் பாக்கறீங்க, இது தொழில் படிப்பு. புன்னு சொல்ற அவங்க சேமியா, அரிசிய ஊறவச்சு அரைச்சு புளிக்க வச்சு தண்ணிய வடிச்சு, அப்புறம் துளை வழியா நேரா கொதிக்கற தண்ணிக்குள்ளயே பிழியறாங்க. நம்ம இடியாப்பம் ஆவில வேகுது, அது தண்ணில வேகுது, அந்த ஒரு வித்தியாசத்துல இழை வழுக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குது. பான் பேயோன்னு ஹுவேல குட்டி குட்டி பீங்கான் தட்டுல ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் மாவ ஊத்தி ஆவில வச்சு மேல காஞ்ச இறால் பொடி தூவி தருவாங்க, தட்டோடயே மேசைக்கு வரும், பத்து தட்டு அடுக்கினா ஒருத்தர் டிபன். பான் போன்னு ஒரு இனிப்பு அப்பம், பழைய முறைல புளிச்ச சோத்துத் தண்ணிய ஊத்தி மாவ பொங்க வைப்பாங்க, அறுத்தா உள்ள தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா இருக்கும், நம்ம ஊர்ல கள்ளு ஊத்தி ஆப்பத்துக்கு மாவு புளிக்க வச்ச காலத்த அம்மா கேள்விப்பட்டிருப்பாங்க, அத சொல்லி பாருங்க. பான் சேயோ பாத்தா அச்சு நம்ம தோசைதான், ஆனா மாவு புளிக்காது, அரிசி மாவுல மஞ்சப்பொடியும் தேங்காப்பாலும், அதுனாலதான் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்குது. புளிக்காத மாவுல அந்த மொறுமொறுப்பு எப்படி வருது, எவ்வளவு எண்ணெ, கல்லு எவ்வளவு சூடு, இத உங்க கண்ணால பாக்காம வீடியோவுல கத்துக்க முடியாது. அம்மாகிட்ட இத சொல்லிட்டு போங்க. சமாதானம் ஆகலன்னாலும் பரவால்ல, சொன்ன உங்களுக்கு மனசு லேசாகும்.

அடுத்தது நீங்க ஒளிச்சு ஒளிச்சு கேட்ட விஷயம், தனியா உக்காந்து சாப்பிடறது. பயம் நாள் பூரா இருக்காது, அதுக்குன்னு நேரம் இருக்கு. காலைல இருக்காது, ஏன்னா அங்க காலை சாப்பாடே ஒத்த ஆளுக்கான சாப்பாடு. ஒரு கிண்ணம், ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல், வேலைக்கு போறவங்க வண்டிய நிறுத்திட்டு தனியா வந்து உக்காந்து தலைய குனிஞ்சு குடிச்சிட்டு பத்து நிமிஷத்துல எழுந்து போயிட்டே இருப்பாங்க, நீங்க யார் எதிர்ல வேணா உக்காரலாம், யாரும் திரும்பி கூட பாக்க மாட்டாங்க. மத்தியானமும் அப்படித்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் கஷ்டம், அப்பதான் லவ்ங்கற ஹாட்பாட் கடை, கிரில் கடையெல்லாம் நிறையும், நடுவுல அடுப்ப வச்சு எட்டு பேர் சுத்தி உக்காந்து சத்தமா பேசிட்டு சாப்பிடுவாங்க, அந்த தெருல ஒத்தையா நடந்தா நெஞ்ச அடைக்கும். அதனால உங்க நாள அப்படியே தலைகீழா போடுங்க. பெரிய சாப்பாடெல்லாம் விடிகாலைலருந்து மத்தியானத்துக்குள்ள, ராத்திரி சின்னதா ஒரு கிண்ணம். ஃபோங்கற அரிசி நூடுல்ஸ் சூப்புக்கு பேர் போன நல்ல கடைங்க நிறைய காலைல சூப் தீந்ததும் மூடிடற கடைங்க, அதுனால இது சாப்பாட்டுக்கும் நல்லது.

குறிப்பா முதல் ராத்திரிக்கு இப்பவே பிளான் போட்டு வச்சுக்கங்க, மனசு ரொம்ப தடுமாறறது அப்பதான். வெள்ளி, சனி மாதிரி இறங்கற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது, ஹனோய்ல ஹோவான் கியம் ஏரிய சுத்தி வாரக்கடைசில வண்டிய நிறுத்திட்டு நடக்கறவங்களுக்கு மட்டும் விட்டுடுவாங்க, குழந்தைங்க பாட்டிங்கன்னு குடும்பம் குடும்பமா இருப்பாங்க, கூச்சமில்லாம நடக்கலாம். ரூம் அந்த பழைய டவுன் பக்கமே எடுங்க. அப்புறம் முட்டை காபி. 1946ல ஹனோய்ல பால் கிடைக்காத நேரத்துல நுயென் வான் கியாங்னு மெட்ரோபோல் ஹோட்டல்ல வேலை பாத்தவர், பாலுக்கு பதிலா மஞ்சக்கருவ சக்கரையோட நுரைக்க அடிச்சு காபி மேல ஊத்தினாரு, அவர் பேர்ல இருக்கற கடைய இன்னமும் குடும்பத்துல நடத்தறாங்க. அந்த கடைல தனியா உக்காந்து ஒரு கப்போட அரை மணி நேரம் ஓட்டலாம், யாருக்கும் வித்தியாசமா தெரியாது. கப்ப சுடுதண்ணி கிண்ணத்துக்குள்ள வச்சு தருவாங்க, ஆறாம இருக்கறதுக்கு. அதோட போய் படுத்துடுங்க. அன்னிக்கு வேற எதையும் சாதிக்க வேண்டியதில்ல.

மாடு, பன்னி விஷயம் கொஞ்சம் சீரியஸ். அங்க நிறைய சாப்பாட்டுல பன்னி இருக்கும், தெரியாத இடத்துல இருக்கும், கிண்ணத்து மேல பொரிச்ச தோலா இருக்கும், சூப்பு எலும்புல இருக்கும். வாயால சொல்லி புரிய வைக்கறது கஷ்டம், அவங்க பாஷைல குரல் ஏறி இறங்கினா அர்த்தமே மாறிடும். அதனால "நான் மாடு பன்னி சாப்பிட மாட்டேன், கோழி மீன் முட்டை சாப்பிடுவேன்"னு வியட்நாம் பாஷைல ஒரு சீட்டுல எழுதி வாங்கி போன்லயும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ஹோட்டல் ரிசப்ஷன்ல கேட்டா எழுதி தருவாங்க. ஃபோ கா கோழி, அதுல குறை ஒண்ணும் இல்ல, பட்ட, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி சுட்ட வெங்காயம் எல்லாம் போட்ட தெளிஞ்ச சூப்பு. ஹனோய்ல சா கான்னு ஒரு மீன், மஞ்சள் தடவி ஊறவச்சு மேசை மேலயே சட்டில சோயிக்கீரையும் வெங்காயத்தாளும் அள்ளிப் போட்டு பொரிப்பாங்க, அத விட்டுடாதீங்க. ஹோய் ஆன்ல கோழி சோறு. ஒபாமாவும் டிவில சாப்பாட்டு நிகழ்ச்சி பண்ணின ஆந்தனி போர்டெய்னும் 2016ல ஹனோய்ல ஒரு சாதாரண கடைல உக்காந்து சாப்பிட்ட புன் சா, அதாவது சுட்ட கறியோட வர்ற புன் சேமியா, முழுக்க பன்னி, அத நீங்க பாக்கலாம், சுடற அடுப்பையும் கரிய எப்படி விசிறறாங்கன்னும் பாருங்க, அதுவே பாடம்.

இன்னொண்ணு, மீன் சாஸ் இல்லாத சாப்பாடு கிடையாது, நீங்க மீன் சாப்பிடறவங்கங்கறதால பிரச்சனை இல்ல. ஏதாவது ஒரு நாள் சுத்த சைவமா இருக்கணும்னு தோணுச்சுன்னா போர்டுல சி எச் ஏ ஒய்னு எழுதியிருக்கற கடைக்கு போங்க, பௌத்த சைவ கடை. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி அங்கயும் நிறைய பேர் கறி தொட மாட்டாங்க, அன்னிக்கு அந்த கடைங்க நிரம்பி வழியும், ஹுவேல ரொம்ப நல்லா இருக்கும்.

வயிறு. ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ரெண்டுக்கும் ஊசி போடணுமான்னு உங்க டாக்டர்கிட்ட கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கேட்டுடுங்க, ஓஆர்எஸ் பாக்கெட் நிறைய வச்சுக்கங்க. கொதிக்கற சூப்பு, கண் முன்னாடி சுடறது, கூட்டம் வந்து போற கடை, இதெல்லாம் பயமில்லாம சாப்பிடுங்க. பச்சை இலைங்கதான் எனக்கு எப்பவும் யோசனை, அது இல்லாம அந்த சாப்பாடு இல்ல, அதனால முதல் ரெண்டு மூணு நாள் இலைய சூடான சூப்புக்குள்ள அமுக்கி சாப்பிடுங்க, வயிறு ஊருக்கு பழகின அப்புறம் பச்சையா சாப்பிடலாம். நாள் ஒண்ணுக்கு ஏழெட்டு கடைன்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்கீங்க, அத பாதியா குறைங்க, ஆசைல கெடற வயிறுதான் அதிகம்.

மத்த பயமெல்லாம் சின்னது. இ-விசா 90 நாள் வரைக்கும் தர்றாங்க, ஒரு தடவ போறதுக்கு 25 டாலர், அரசாங்க சைட்லயே போடுங்க, பாக்க அதே மாதிரி இருக்கற ஏஜென்ட் சைட்டுங்க கூட காசு வாங்குவாங்க, பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர அடிங்க. காசுல 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் ரெண்டும் நீலம், ராத்திரி வெளிச்சத்துல ஒரே மாதிரி தெரியும், பெரிய நோட்ட தனியா வைங்க. ரோடு தாண்டும்போது ஓடாதீங்க, பாதில நிக்காதீங்க, ஒரே வேகத்துல நடந்தா வண்டிங்க உங்கள சுத்தி போயிடும். டாக்சி கூப்பிடற கிராப் ஆப் போட்டுக்கங்க, பேரம் பேசற தலைவலி இல்ல.

மார்ச்ல போறது நல்ல முடிவு. ஜனவரி கடைசி பிப்ரவரில டெட்னு அவங்க புத்தாண்டு வரும், அந்த நாள்ல குடும்பக் கடைங்க எல்லாம் பூட்டிட்டு சொந்த ஊர் போயிடுவாங்க, சாப்பாட்டு ட்ரிப் போறவங்க மாட்டிக்கறது அங்கதான். அக்டோபர் நவம்பர்ல ஹோய் ஆன்ல ஆத்து வெள்ளம் தெருக்குள்ளயே வரும். மார்ச்ல நடுப்பகுதி காஞ்சு நல்லா இருக்கும், ஹனோய்ல மட்டும் பிசுபிசுன்னு தூறிட்டே இருக்கும், ஒரு ஜாக்கெட் வேணும். ஹுவேலருந்து ஹோய் ஆன் போற வழில இருக்கற டா நாங்குக்கு பஸ் வேணாம், ரயில் ஏறுங்க, ஹாய் வான் மலைய கடல் ஓரமா சுத்திட்டு போகும், நாலு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், ஜன்னல் சீட் எடுங்க. ஹுவேல அந்த ராஜ சாப்பாடுன்னு டூரிஸ்டுக்கு விக்கறத விட கோம் ஹென் தேடி சாப்பிடுங்க, ஆறின பழைய சோத்து மேல ஆத்து மட்டி, வேர்க்கடலை, இலைங்க, இறால் விழுது, பக்கத்துல மட்டி வேகவச்ச தண்ணி ஒரு கிண்ணம், ஏழைங்க சாப்பாடு, அவ்வளவு ருசி. பன்னித்தோல் பொரிச்சு போடுவாங்க, சீட்ட காட்டிடுங்க.

சைகோன் வந்ததும் ஒரு ஆச்சரியம் இருக்கு உங்களுக்கு. பென் தான் மார்க்கெட்லருந்து நடக்கற தூரத்துல மாரியம்மன் கோயில், தமிழ் வியாபாரிங்க கட்டினது, இப்ப சாமி கும்பிடறவங்கள்ல நிறைய பேர் வியட்நாம்காரங்க, ஊதுவத்திய கொத்தா பிடிச்சுட்டு நிப்பாங்க. நகரத்தார் கட்டின தண்டாயுதபாணி கோயில் இன்னொண்ணு. ரெண்டு வாரம் ஆன அப்புறம் அந்த கோபுரத்த பாத்தா அழுகை வரலாம், வந்தா அழுதுக்கங்க. அங்கயே கா ரீ கான்னு கோழிக்கறி கிடைக்கும், தேங்காப்பால், எலுமிச்சைப்புல், சக்கரவள்ளிக்கிழங்கு போட்டது, பிரெஞ்சு ரொட்டிய பிச்சு தொட்டு சாப்பிடுவாங்க, பேர்லயும் மசாலாவுலயும் நம்ம ஊர் கை இருக்கு. இந்தப் பக்கம் பாண்டிச்சேரில, பிரெஞ்சு காலத்துல சைகோன் போய் அங்கயே கல்யாணம் பண்ணிட்டு திரும்பின குடும்பங்க இருக்காங்க, அவங்க வீட்டு சாயோங்கற பொரிச்ச ரோல் இன்னிக்கும் பாண்டில கிடைக்குது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பையனையும் அம்மாவையும் கூட்டிட்டு போய் அத வாங்கி குடுங்க, நீங்க எங்க போறீங்கன்னு அவங்க நாக்குக்கு தெரியட்டும்.

பையன் விஷயத்துல ஒண்ணு மட்டும் சொல்றேன். தினமும் ராத்திரி கூப்பிடாதீங்க, அங்க ராத்திரி உங்களுக்கும் பலவீனமான நேரம், அவன் குரல் கேட்டா ரெண்டு பேருக்கும் கஷ்டம். நம்மள விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடுது அங்க, அவன் ஸ்கூலுக்கு கிளம்பற நேரம் நீங்க ரெண்டாவது டிபன் கடைல இருப்பீங்க, அப்ப வீடியோ போட்டு மாவு ஊத்தறத காட்டுங்க. நாலாவது அஞ்சாவது நாள் வாக்குல காரணமே இல்லாம ஒரு சோர்வு வரும், நிறைய பேருக்கு வரும், அன்னிக்கு புது கடை எதுவும் தேடாதீங்க, ஏற்கனவே போன கடைக்கே போங்க, அந்தம்மா உங்கள ஞாபகம் வச்சிருப்பாங்க.

கடைசியா, குக்கிங் கிளாஸ் இங்கருந்தே புக் பண்ணணுமான்னு கேட்டிருந்தீங்க. ஹோய் ஆன்ல ஒண்ணே ஒண்ணு போதும், ட்ரா க்வேங்கற கீரைத்தோட்ட ஊர் பக்கம் நடக்கறதா பாத்து எடுங்க, தோட்டத்துல நடந்து இலைய பறிச்சு சமைச்சு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கும், குழுவா சாப்பிடற சாப்பாடெல்லாம் உங்களுக்கு கிடைக்கறதும் அங்கதான். சின்ன குழுவா வேணும்னு கேட்டு முன்னாடியே போட்டுடுங்க, மாடு பன்னி வேணாம்னு அப்பவே எழுதிடுங்க, பான் சேயோ சொல்லித் தர்ற கிளாஸான்னு கேட்டுக்கங்க. ஹனோய்லயும் சைகோன்லயும் கிளாஸ் வேணாம், அந்த காச வச்சு கடை கடையா நில்லுங்க. மீன் சாஸ் பாட்டில் வாங்கிட்டு வரணும்னா ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே கேளுங்க, சிலர் பெட்டில கூட ஏத்த விட மாட்டாங்க, அந்த மூங்கில் குச்சிக்கு ஒரு தடையும் இல்ல, ரெண்டா வாங்கிட்டு வாங்க.